இடப்பக்கத்து ஆறு மீட்டர்

மூன்று வருஷம் நான் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஃபுட்பால் கிரவுண்டில் இடப்பக்கக் கோடு நீளம், வலப்பக்கக் கோடு குட்டை என்று. ஒருத்தியும் நம்பவில்லை. கடைசியில் டேப் வைத்து அளந்து, நியாயம் என் பக்கம்தான் என்று ஊருக்கே தெரிந்த அன்று, எங்கள் டீம் கலையும் நிலைமைக்கு வந்துவிட்டது. அளக்கச் சொன்னதும் நான்தான். எனக்கு வாய் முன்னே போகும், புத்தி பின்னால் வரும் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

நான் விம்கோ நகர்ப் பெண். அப்பாவுக்கு ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். நிரந்தர வேலை என்ற ஒன்றை எங்கள் குடும்பத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. திருவொற்றியூரைத் தாண்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். முதல் வாரமே பி.டி. மேடம், அதாவது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை, என்னை வராந்தாவில் நிறுத்தி, "நீ ஸ்கூல்ல ஃபுட்பால் ஆடினவதானே? காலப் பாத்தாலே தெரியுது" என்றார். என் கால் வளைந்திருப்பதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் டீமில் இருந்தேன். லெஃப்ட் விங், அதாவது இடது ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிறவள்.

கல்லூரிக்கு மைதானம் கிடையாது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷட்டில் கோர்ட் இருந்தது. அதிலும் பாதி இடத்தில் கார் நிற்கும். எங்களுக்குக் கிரவுண்டு கொடுத்தது எங்கள் கோல்கீப்பரின் ஊர். எங்கள் பேச்சில் அவள் கோலி. எண்ணூர் போகிற ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த குப்பம் அவளுடையது. அங்கே வலை காயப்போடுகிற பெரிய மணல்வெளி ஒன்று உண்டு. பி.டி. மேடம் நேரில் போய்க் கேட்டார். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, மூன்று மணி வரைக்கும் இடம் வலைக்கு, அதன்பிறகு பொண்ணுங்களுக்கு என்று முடிவு செய்தார்கள். மேடம் விசில் அடித்தால் வலைகளைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று வருஷத்தில் ஒருநாள் கூட, "இரும்மா, இன்னும் காயல" என்று ஒருவரும் சொன்னதில்லை. மணல் பொதபொதவென்று காலை இழுக்கிறது என்று கோலி ஒருநாள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். மணலிக்கு லாரி ஓட்டுகிற அவள் மாமா, எங்கேயோ மிஞ்சிய செம்மண்ணை நான்கைந்து நடை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கட்டியது பழைய மீன்வலை. வெய்யில் நாட்களில் பந்து அதில் விழுந்தால் வாடை வரும். அது எங்களுக்குப் பழகிவிட்டது. வெளி டீம் கோலிகள்தான் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

கிரவுண்டை அளந்து கோடு போட்டவர்கள் கோலியின் அப்பாவும் சித்தப்பாவும். அப்பாவை அவள் நைனா என்பாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நைனா நெடுநெடுவென்று பனைமரம் போல இருப்பார். சித்தப்பா குட்டையாக, கெட்டியாக இருப்பார். நிறையப் பேசமாட்டார். இரண்டு பேரும் கடலில் எதையும் அளக்கிற மாதிரி இதையும் பாகம் போட்டு அளந்தார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்து இழுத்து எண்ணிக்கொண்டே போவார்கள். வலைக்கும் அதுதான் கணக்கு, ஆழத்துக்கும் அதுதான். கிரவுண்டுக்கு நீளவாக்கில் ஐம்பத்தாறு பாகம்.

பிராக்டிஸ் முடியும்போது தினமும் ஒரு ஓட்டம் உண்டு. இடப்பக்கக்காரிகள் ரோட்டோரக் கோட்டில், வலப்பக்கக்காரிகள் கடலோரக் கோட்டில், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. தோற்கிறவள் தண்ணீர் கேனையும் பந்துப் பையையும் பஸ் ஸ்டாப் வரை தூக்க வேண்டும். வலப்பக்கத்தில் என் ஜோடி ராயபுரத்துப் பெண். அவள் அப்பா ரயில்வே, வீடு மாதா கோயிலுக்குப் பின்னால். அவளை ரைட்டு என்போம். மூன்று வருஷம் ரைட்டுதான் ஜெயித்தாள். மூன்று வருஷம் நான்தான் கேன் தூக்கினேன்.

"என் பக்கம் நீளம்டி. கண்ணாலயே தெரியுது" என்பேன்.

"ஆமாண்டி, உன் கோடு மட்டும் திருப்பதி வரைக்கும் போய்கினு கீது. ஆம மாதிரி ஓடிட்டுக் கோட்டக் கொற சொல்லாத. கேன எடு" என்பாள்.

பி.டி. மேடமிடம் சொன்னால், "மூச்சு வாங்கினா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்" என்று முடித்துவிடுவார். நைனாவிடமே ஒருமுறை சொன்னேன். அவர் முகம் சின்னதாகிப் போனது. "அம்பத்தாறு பாகம்மா. எண்ணி எண்ணிப் போட்டது" என்றார். வீட்டில் சோறு போட்டவரிடம் உப்பு இல்லை என்று சொன்ன மாதிரி எனக்கே வெட்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் காதில் விழாமல் மட்டும் புலம்பினேன்.

நான் கடைசி வருஷம் வந்தபோது காலேஜ் லீக்கில் பெரிய கலைப்பு நடந்தது. அதுவரை பெண்கள் காலேஜ் லீக் வடக்குப் பிரிவு, தெற்குப் பிரிவு என்று இரண்டாக இருந்தது. வடக்கில் நாங்கள் ஐந்து காலேஜ். அதில் பெரிய காலேஜ்கள் இரண்டும், புல்தரையும் லைட்டும் யூடியூபில் மேட்ச் காட்டுகிற வசதியும் தெற்கில்தான் இருக்கிறது என்று சொல்லி அங்கே தாவிவிட்டன. மிஞ்சியது மூன்று. நான்கு டீமுக்குக் குறைந்தால் அது ஒரு பிரிவே இல்லை என்று விதி. ஆக வடக்குப் பிரிவைக் கலைத்தார்கள். தெற்குப் பிரிவு ஒரே பெரிய லீக் ஆனது. அந்தப் பெரிய லீக்கில் இன்னும் இரண்டு டீமுக்கு இடம் உண்டு, விருப்பம் உள்ளவர்கள் மனுப் போடலாம் என்று அறிவித்தார்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் நடந்ததெல்லாம் தேர்தல் நேரத்துக் கூட்டணிப் பேச்சுதான். இரண்டு இடத்துக்கு ஐந்து காலேஜ். அனாதையாய் நின்ற நாங்கள் மூன்று பேர், ஆவடிப் பக்கம் ஒன்று, மணலிப் பக்கம் புதிதாய் வந்த ஒன்று. யார் யாரோடு பேசுகிறார்கள், யாருடைய செயலாளர் யாருக்குத் தோஸ்து, எந்தக் காலேஜ் கேண்டீனில் லீக் கமிட்டிக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் தினமும் ஒரு சேதி வரும். நேற்றுவரை எங்களோடு வடக்கில் ஆடிக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள், இன்று எங்கள் கிரவுண்டைப் பற்றிக் கமிட்டி கேட்டால், "அங்க மீன் வாடைல நிக்கவே முடியாது மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கோபம் வந்தது. ஆனால் எங்களுக்கும் அவர்களைப் பற்றிச் சொல்ல நாலு விஷயம் இருந்தது. சொல்லவும் சொன்னோம். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

எனக்கு அந்த லீக் என்பது விளையாட்டு மட்டும் இல்லை. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அந்த வருஷம் பெண்களுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பி.டி. மேடம் விசாரித்து வைத்திருந்தார். செலக்‌ஷனுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் அதே வருஷம் லீக் ஆடிய சர்ட்டிபிகேட் வேண்டும். லீக் இல்லையென்றால் சர்ட்டிபிகேட் இல்லை, சர்ட்டிபிகேட் இல்லையென்றால் கூப்பிடமாட்டார்கள். வீட்டில் அம்மா இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "எம் பொண்ணு ரயில்வேக்குப் போவப் போறா" என்று. இன்னும் எந்தக் கதவும் திறக்கவில்லை, அதற்குள் என் வீட்டில் மாலை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கமிட்டி கிரவுண்டுகளை நேரில் பார்த்து முடிவு செய்யும் என்று சொன்னார்கள். நீளம் நூறு மீட்டராவது இருக்க வேண்டும், பெண்களுக்கு உடை மாற்ற மறைவான இடம் வேண்டும், இடத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். குப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வலை பின்னுகிற கொட்டகையைக் கழுவி, கோலியின் அம்மா தன் புதுப் புடவைகள் இரண்டைத் திரையாகக் கட்டினார். ஒரு சின்னக் கண்ணாடியும் மாட்டினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பு, பவுடர் டப்பா.  எங்களுக்காக இவர்கள் ஏன் இவ்வளவு செய்ய வேண்டும் என்று தோன்றியது. யாரும் ஒரு காரணமும் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கமிட்டி வந்தது. இரண்டே பேர். ஒரு மேடம், முன்னாள் ஆட்டக்காரி, நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கூட ஃபைலும் டேப்பும் பிடித்துக்கொண்டு ஒரு சார். மேடம் அதிகம் பேசவில்லை. கொட்டகைக்குள் போய்ப் பார்த்து, கண்ணாடியில் தன் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார். மீன்வலையை இழுத்துப் பார்த்தார். "கடைல வாங்குறதவிட கெட்டியா இருக்கு" என்றார். நைனாவுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. பிறகு சார் டேப்பை விரித்தார். ரோட்டோரக் கோடு, அதாவது என் கோடு, நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. அகலம் சரி. மேடம் தலையாட்டினார். சார் ஃபைலை மூடினார். எல்லாம் முடிந்தது.

அங்கேதான் ரைட்டு என் காதோரம் வந்தாள். "கேட்டுக்கினியா? கரெக்ட்டா நூறு. மூணு வருசமா ஆம மாதிரி ஓடிட்டு அந்தாளு மேல பழி போட்ட" என்றாள்.

எனக்குள் எதுவோ சுர்ரென்று ஏறியது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"மேடம், அந்தப் பக்கத்தையும் அளந்துடுங்க."

பி.டி. மேடம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கமிட்டி மேடம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். சார் கடலோரக் கோட்டுக்குப் போனார். டேப்பை இழுத்துக்கொண்டே வடக்கு மூலைக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார். "தொண்ணூத்தி நாலு சொச்சம் மேடம்" என்றார்.

"பாத்தீங்களாடி! நான் சொன்னேன்ல! ஆறு மீட்டர்! ஆறு மீட்டர்டி!"

குதித்தேன். உண்மையாகவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோல் போட்டவள் மாதிரி குதித்தேன். இரண்டாவது குதிக்குத்தான் என்னைத் தவிர வேறு யாரும் குதிக்கவில்லை என்று தெரிந்தது. கோலி அப்படியே தரையில் குந்திவிட்டாள். ரைட்டு சிலுவை போட்டுக்கொண்டாள். "டீமு சேரணும்னு மாதாகிட்ட மெழுவத்தி ஏத்திட்டு வந்தேன். நீ வாய மூடணும்னு ஏத்தியிருக்கணும்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. என் சர்ட்டிபிகேட்டும் ரயில்வேயும் அம்மா தெருவெல்லாம் சொன்ன பேச்சும் அந்த ஆறு மீட்டருக்குள் போய்விட்டதென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கமிட்டி மேடம், "இத யாரு அளந்தது?" என்று கேட்டார்.

நைனா முன்னால் வந்தார். "நாங்கதாம்மா. நானும் எந் தம்பியும். அம்பத்தாறு பாகம். ரோட்டுப் பக்கம் நானு, கடலுப் பக்கம் அவன்."

"பாகம்னா?"

நைனா கையை விரித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற சித்தப்பாவும் தன் கையை விரித்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டாமல், முன்னும் பின்னுமாக, கைகளை விரித்துக்கொண்டு நின்றார்கள். நைனாவின் விரல்கள் சித்தப்பாவின் விரல்களைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று வருஷத்தில் நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம் அங்கே சிலுவை மாதிரி நின்றது. முதலில் ஃபைல்கார சார்தான் சிரித்தார். பிறகு பி.டி. மேடம். பிறகு வேடிக்கை பார்த்த மொத்தக் குப்பமும் சிரித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை.

"வலைக்கு ஒரே ஆளு கைதாம்மா அளக்கணும். ஒரு வலையில ரெண்டு பேரு கை வெக்கக் கூடாது. இது எங்க ஊரு கொயந்தைக்குக் கூடத் தெரியும். அன்னிக்கி புள்ளைங்க வந்து நின்னுகினு இருந்துச்சுங்க, சீக்கிரம் முடிச்சுக் குடுப்போம்னு ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துகினோம். தப்பு எங்களுது. புள்ளைங்களத் தண்டிக்காதீங்கம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உன்ன நம்பாம போனேம்மா" என்றார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கமிட்டி மேடம் மணி பார்த்தார். "மணலில ஒரு கிரவுண்டு பாக்கணும். திரும்பி இந்த வழியாத்தான் போவோம். அஞ்சு மணிக்கு இங்க இருப்பேன். அப்ப டேப்பு என்ன சொல்லுதோ அதத்தான் எழுதுவேன்" என்றார். கார் போய்விட்டது.

கோட்டை நீட்ட வேண்டுமென்றால் வடக்கு மூலையைத்தான் நீட்ட முடியும். தெற்கே ஐஸ் ஷெட்டின் சுவர். வடக்கு மூலையில், கோடு முடிகிற இடத்தை ஒட்டி, சித்தப்பாவின் ஃபைபர் போட்டு, அவர் மீன் பிடிக்கப் போகிற படகு, நின்றது. கல் கொட்டிய கரையில் போட்டு இறங்குவதற்கென்று ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதற்கு நேர் எதிரே அவர் போட்டு. வேண்டுமென்றே பிடித்து வைத்த இடம், அவருடைய அப்பா காலத்து இடம். நகர்த்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டுப் பழக்கப்பட்ட என் வாய்கூட மூடிக்கொண்டது.

சித்தப்பா பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "இன்னா நின்னுகினு கீறீங்க. ஆளக் கூப்புடு. போட்டத் தள்ளணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்தக் குப்பத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் என்று யாரும் இல்லை. உருளைக்கட்டைகளைப் போட்டுப் போட்டைத் தள்ளினார்கள். நாங்களும் தோள் கொடுத்தோம். ஷூ போட்டுக்கொண்டு மணலில் தள்ளினால் வழுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கழற்றி எறிந்துவிட்டுத் தள்ளினோம். போட்டு இருந்த இடம் குழி. அதை மண் வெட்டிப் போட்டு மூடி, எல்லோரும் மேலே நின்று மிதித்தோம். வடக்குக் கோல் போஸ்ட்டைத் தோண்டி எடுத்துப் புதுக் கோட்டுக்கு நட்டார்கள். நைனா கயிற்றை எடுத்துக்கொண்டு தெற்கு முனைக்குப் போனார். இந்தமுறை இரண்டு பக்கமும் அவர் கையே அளந்தது. எண்ணிக்கை தப்பக்கூடாது என்று சித்தப்பா பக்கத்திலேயே நடந்து சத்தமாக எண்ணினார்.

கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. இருந்ததை முந்தின நாளே தீர்த்துவிட்டோம். ரைட்டு கடைக்கு ஓடப்போனாள். கோலியின் அம்மா, "நில்லு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கோலமாவு டப்பாவோடு வந்தார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அத்தை என்று ஒவ்வொருத்தராக டப்பாவோடு வந்தார்கள். நாங்கள் விளையாட்டு வீராங்கனைகள் போட்ட கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. அவர்கள் எங்களைத் தள்ளிவிட்டுக் கயிற்றை ஒட்டிக் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கோடு இழுத்தார்கள். ஸ்கேல் வைத்த மாதிரி வந்தது. கார்னர் வளைவில் ஒரு அக்கா பழக்கதோஷத்தில் சின்னதாக ஒரு பூ போட்டுவிட்டார்.

ஐந்து மணிக்கு இன்னும் பெனால்டி பாக்ஸ் முடியவில்லை. ஆனால் கமிட்டியும் வரவில்லை. ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஹார்பர் வரைக்கும் நின்றுகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து நான் அந்த லாரிகளைத் திட்டியிருக்கிறேன். பரீட்சைக்குப் போகையில் திட்டியிருக்கிறேன், பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து பஸ்ஸில் நிற்கையில் திட்டியிருக்கிறேன். அன்று ஒருநாள் மட்டும் ஒவ்வொரு டிரைவரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கமிட்டிக் கார் வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால். மேடம் முகத்தில் புழுதி. "இன்னா ரோடும்மா இது" என்று எங்கள் பாஷையிலேயே சொன்னார்.

சார் இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் நூறுக்கு மேல். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. மேடம் கார்னரில் குனிந்து கோட்டை விரலால் தொட்டார்.

"கோலமாவா?"

"ஆமா மேடம்" என்றார் எங்கள் பி.டி. மேடம். 

கமிட்டி மேடம் அந்தப் பூவையும் பார்த்தார்.  காரின் மேல் ஃபைலை வைத்து எழுதினார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "லெஃப்ட் விங்தானே நீ? மூணு வருஷம் ஆறு மீட்டர் கூட ஓடியிருக்க. கால் நல்லாயிருக்கும்" என்றார்.

பத்து நாளில் முடிவு வந்தது. ஆவடிக் காலேஜும் நாங்களும். குப்பத்தில் சரவெடி வைத்தார்கள். அன்றே, எங்களோடு வடக்கில் ஆடிய மற்றொரு காலேஜின் கேப்டன் எனக்கு வாழ்த்து அனுப்பினாள். அவர்கள் டீம் அந்த வருஷத்தோடு நின்றுபோனது. மீன் வாடை என்று சொன்னவள் அவள்தான். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு மணல்வெளியும் நகர்த்த ஒரு போட்டும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய லீக்கில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். ஜெயித்தது மூன்றே மேட்ச், மூன்றும் எங்கள் கிரவுண்டில். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோடுகள் சரியான மறுநாள் ரைட்டுக்கும் எனக்கும் ஓட்டம் வைத்தார்கள். மொத்த டீமும் நின்று பார்த்தது. சம நீளக் கோட்டில், சம நேரத்தில் கிளம்பினோம். ரைட்டுதான் ஜெயித்தாள். கேனை நானே தூக்கிக்கொண்டேன். 

சர்ட்டிபிகேட் கிடைத்தது. செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் சுற்றுத் தேர்வில் வேலையும் கிடைத்தது. இப்போது நான் ரயில்வேயில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறேன், சாயங்காலம் டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடுகிறேன். எங்கள் வீட்டில் முதல் நிரந்தர வேலை. அப்பா என் ஐடி கார்டை ஒருநாள் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பத்துக்குப் போயிருந்தேன். கோலி இப்போது ஒரு பள்ளியில் பி.டி. மேடம். அவளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கிரவுண்டு அப்படியே இருந்தது. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கடலிலிருந்து வந்த போட்டைச் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கரை இடைவெளி வழியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றிய இடத்தில் நிறுத்தவில்லை. உருளைக்கட்டையைத் திருப்பிப் போட்டு, போட்டின் மூக்கைத் திருப்பி, பக்கவாட்டில் வடக்கே தள்ளினார்கள். ஏற்றுவதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார் சித்தப்பா. முடி முழுக்க நரைத்திருந்தது.

அன்றைக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கமிட்டி போனதும் போட்டு பழைய இடத்துக்கு வந்திருக்கும் என்று. லீக் ஆடிய நாட்களில் மேட்ச் பரபரப்பில் அதை நான் கவனித்ததே இல்லை.

"சித்தப்பா, தெனமும் இங்கதான் தள்றீங்களா? மேட்ச் இல்லாத நாள்ல பழைய எடத்துலயே வுடலாம்ல?" என்று கேட்டேன்.

"அது கிரவுண்டு ஆயிடுச்சும்மா. இப்பவும் கோலி ஸ்கூலு பொண்ணுங்க வர்துங்க. மூலையில போட்டு நின்னா இடிச்சுக்கும்" என்றார்.

காலையில் இறக்கும்போது ஒருமுறை, திரும்பி வந்து ஏற்றும்போது ஒருமுறை. இத்தனை வருஷம். நான் ஆறு மீட்டருக்காக மூன்று வருஷம் ஊரைக் கூட்டினேன். அதே ஆறு மீட்டரை இந்த மனிதர் தினமும் இரண்டு வேளை போட்டோடு தள்ளியிருக்கிறார். ஒரு வார்த்தை எங்கள் காதுக்கு வந்ததில்லை.  ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கஷ்டமா இல்லியா சித்தப்பா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "ஆறு மீட்டரு ஜாஸ்தின்னா எப்டி கீதுன்னு உனுக்குத் தெரியாதா?" என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானும் போட்டில் கை வைத்தேன்.